மழைக்கு முன்னால் மெடிக்கல் கார்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்

2017 நவம்பர் 4 ராத்திரி பினாங்கில் ஏறிய தண்ணீரை யாரும் மறந்திருக்க மாட்டோம். மறுபடியும் மழைக்காலம். காப்புறுதிக் கார்டு இன்னும் அலமாரியின் கீழ்த்தட்டில்தானே இருக்கிறது?

இரு பக்கத்தையும் படம் எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள். பின்பக்கத்து அவசர எண்ணைத் தாளிலும் எழுதுங்கள். கரண்ட் போனால் போனும் போகும். தனியார் மருத்துவமனையில், பில்லைக் காப்புறுதி நிறுவனம் கட்டும் என்று சொல்லும் உத்தரவாதக் கடிதம் வர மணிக்கணக்காகலாம்; அதுவரை டெபாசிட் கேட்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆம்புலன்சுக்கு 999.

டயாலிசிஸ் செய்பவர்களை நினைத்தால்தான் மனம் பதறுகிறது. வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். தங்கள் நிலையம் மூழ்கினால் வேறு நிலையம் சும்மா ஏற்காது. ஹெப்பாடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ரிசல்ட், உலர் எடை (தேங்கிய கூடுதல் நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை), மருந்துப் பட்டியல் எல்லாம் கேட்பார்கள். ரத்தப் பரிசோதனை பழசாக இருந்தால் அங்கேயே தாமதம். நகல்களை இப்போதே ஜிப் பையில் போட்டு வையுங்கள்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். கரண்ட் போய் ஐஸ் தேவைப்பட்டாலும் அதன் மேல் நேராக வைக்காதீர்கள், துண்டில் சுற்றி வையுங்கள். ஒரு முறை உறைந்தால் அந்த மருந்து வீண்.

காப்புறுதி நிறுவனங்களுக்கும் ஒன்று: கடிதம் கொடுக்கும் பிரிவை ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள். தாழ்வான பகுதிகளில் இருக்கும் டயாலிசிஸ் உறுப்பினர்களின் பட்டியலை இப்போதே எடுத்து, தண்ணீர் ஏறுவதற்கு முன்பே நீங்களே கூப்பிடுங்கள்.