பதில் சொன்ன மறுவாரமே கேள்வி மாறியது

மூன்று பருவங்களாக ஒரே கற்பனை ஊரை வைத்து நீடித்த வளர்ச்சிப் பாடத்தை நடத்தி வருகிறேன். அந்த ஊருக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மக்கள்தொகை 40,000, ஓர் அணை, 100 ஹெக்டேர் பாசனம். மழை பொய்த்துவிட்டது, அணையில் 18 லட்சம் கனமீட்டர் தண்ணீர்தான் மிச்சம். இதில் என்ன செய்யலாம் என்று மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்.

முதல் பருவத்தில் இந்த நிலைமையை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, நான்கு வாரம் கழித்து அறிக்கை கேட்டேன். ஐந்து குழுக்கள், ஐந்து அறிக்கைகள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும், மரம் நட வேண்டும், மழைநீரைச் சேமிக்க வேண்டும். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவதே நீடித்த வளர்ச்சி என்ற, ஐ.நா. ஆணையம் 1987இல் வெளியிட்ட புருண்ட்லாண்ட் அறிக்கையின் வரையறை எல்லாவற்றிலும் முதல் பக்கத்திலேயே இருந்தது. தப்பு அவர்கள்மேல் இல்லை. நான் கொடுத்தது பிரச்சினையே அல்ல, நீளமான தேர்வுக் கேள்வி.

நான் கையாள நினைத்த முறையான பிரச்சினை வழிக் கற்றல் 1960களின் இறுதியில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்வியில் உருவானது. முதலில் நோயாளியின் கதை, அதைப் புரிந்துகொள்ளத் தேவைப்படும்போது பாடம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நோயாளி சும்மா படுத்திருப்பவர் அல்ல என்பது உறைக்கவில்லை. இன்று கொடுத்த மருந்து நாளை வேறு ஏதாவது செய்யும். என் ஊரோ சுவரில் மாட்டிய படம்போல அசையாமல் இருந்தது.

சரி, அசைத்துப் பார்ப்போம் என்று இரண்டாம் பருவத்தில் அட்டைகள் தயாரித்தேன். வாரம் ஓர் அட்டையை உருவ வேண்டும். வெள்ளம், ஆட்சி மாற்றம், நிதி பாதியாகக் குறைப்பு, புதிதாக ஒரு தொழிற்சாலை. முதல் இரண்டு வாரம் வகுப்பு கலகலப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் ஒரு மாணவி கேட்டார்: "சார், நாங்க என்ன செஞ்சாலும் அடுத்த வாரம் கவிழ்க்கத்தானே போறீங்க? அப்புறம் எதுக்குக் கணக்குப் போடணும்?" உண்மையிலேயே யாரும் கணக்குப் போடவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது நீடித்த வளர்ச்சி அல்ல, தலைவிதி.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஊரில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை மாணவர்கள் எடுத்த முடிவிலிருந்தே வர வேண்டும். வெளியிலிருந்து வருவது எதுவானாலும் ஒரு சுற்று முன்னதாக வதந்தியாகவாவது அவர்கள் காதில் விழ வேண்டும்.

மூன்றாம் பருவத்தில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்றால் ஊருக்கு 4,000 கனமீட்டர் வேண்டும். வயலுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 100 ஹெக்டேருக்கு 5,000 கனமீட்டர். ஆவியாவதைக் கணக்கின் எளிமைக்காக விட்டுவிட்டேன். ஆக அணை 200 நாள் தாங்கும். ஒரு குழு சொட்டுநீர்ப் பாசனத்தைத் தேர்ந்தெடுத்தது. அதனால் வயலின் தேவை 40 சதவீதம் குறையும் என்பது நான் கொடுத்த அனுமானம். 5,000 என்பது 3,000 ஆனது, அணை 257 நாள் தாங்கும் என்று பலகையில் எழுதிவிட்டுக் கைதட்டிக்கொண்டார்கள்.

அடுத்த சுற்றில் ஊர் நிலவரத்தைக் கொடுத்தேன். மிச்சமான தண்ணீர் கையில் இருப்பதால் விவசாயிகள் தரிசாகக் கிடந்த நிலத்தையும் உழுதுவிட்டார்கள். இப்போது பாசனம் 170 ஹெக்டேர், தேவை 5,100 கனமீட்டர். முன்பைவிட நூறு கூடுதல். அதோடு, வாய்க்காலில் கசிந்து கீழ்ப்பகுதிக் கிணறுகளுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரும் நின்றுவிட்டது, அங்கிருந்து புகார் வந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இந்த முறையில் ஆசிரியருக்குக் கடினமான வேலை அதுதான். பிறகு ஒருவர் சொன்னார்: "இது எங்க தப்புதான் சார். தண்ணீரை மிச்சப்படுத்தினோம், மிச்சம் யாருக்குன்னு சொல்லவே இல்லை." நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரங்கள் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடத்தான் செய்யும் என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே வாதிட்டதை அதன் பிறகுதான் எடுத்துச் சொன்னேன். முந்தைய பருவத்திலும் சொன்னேன். அப்போது குறிப்பெடுத்தார்கள், இந்த முறை சண்டை போட்டார்கள்.

இதில் சிரமங்கள் உண்டு. ஒவ்வொரு குழுவின் ஊரும் வேறு வேறு திசையில் போய்விடும். ஐந்து ஊர்களின் கணக்கை எக்செலில் தட்டியே என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது, வழக்கமாக எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு மூன்று விளைவுகளை முன்பே எழுதி வைத்துக்கொள்கிறேன். எதிர்பாராத முடிவு வந்தால் மட்டும் புதிதாக யோசிக்கிறேன்.

மதிப்பெண்தான் பெரிய தலைவலி. ஊர் பிழைத்ததா என்று பார்த்து மதிப்பெண் போட்டால் அது விளையாட்டாகிவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் குழு இரண்டு கேள்விக்கு எழுத வேண்டும்: எதை நம்பி இந்த முடிவை எடுத்தீர்கள்? என்ன தெரியவந்தால் இதை மாற்றுவீர்கள்? மதிப்பெண் இதற்கு மட்டுமே. "அவங்க அணையைவிட எங்க அணை அறுபது நாள் கூடத் தாங்குச்சு, எங்களுக்கு ஏன் குறைச்சல்?" என்று ஒருவர் வாசல்வரை வந்து கேட்டார். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் எழுதியிருந்தது ஒரே சொல்: "மாற்றமாட்டோம்". அதைக் காட்டினேன். அவர் முகம் தெளியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு, வருங்காலத் தலைமுறைக்காகப் பேச, 'இன்னும் பிறக்காதவர்' என்ற இடம் கொடுத்திருந்தேன். பெரும்பாலும் அது ஓய்விடமாகத்தான் இருந்தது. சொட்டுநீர்க் குழுவில் அந்த இடத்தில் இருந்தவரும் இரண்டு சுற்று பேசவே இல்லை. மூன்றாவதில் கேட்டார்: "எல்லாரும் அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்குன்னே பேசறீங்க. நான் வரும்போது அணை எவ்வளவு கொள்ளும்? வண்டல் சேர்ந்துகிட்டே இருக்குமே."

என் எக்செலில் வண்டலுக்குக் கட்டமே இல்லை. அந்த வாரம் நானும் அவர்களோடு உட்கார்ந்து படித்தேன். தூர் வாரலாமா, வாரிய வண்டலை எங்கே கொட்டுவது, மண் எந்தச் சரிவிலிருந்து அரித்து வருகிறது என்று பேச்சு போய், கடைசியில் அணைக்கு மேலே இருக்கும் மலைச்சரிவில் மரம் நட வேண்டும் என்று எழுதினார்கள். முதல் பருவத்தில் ஐந்து அறிக்கையிலும் இருந்த அதே வரி. இந்த முறை கீழே, எந்தச் சரிவில் முதலில் நடுவது, பலன் தெரிய எத்தனை ஆண்டு ஆகும், அதுவரை யார் காவல் என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது.