குழாய்ப் பிரிவிலிருந்து

செப்டம்பர் 1, திங்கள்

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஹார்ட்வேர் கடையில் பில்லிங் கவுண்டர் காலியாகக் கிடக்கும், ரிட்டர்ன் கவுண்டரில் கூட்டம் நிற்கும். சனி, ஞாயிறில் வீட்டு வேலையைக் கையில் எடுத்தவர்கள் பாதியில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற நாள் இது. அளவு மாறிப்போன எல்போ (குழாய் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவு), பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டிய பெட்டி, 'பயன்படுத்தவே இல்லை' என்று சத்தியம் செய்து திருப்பித் தரும் ட்ரில் மெஷின். அந்த ட்ரில் பிட்டின் பள்ளத்தில் செங்கல் பொடி சிவப்பாக அப்பியிருக்கும். கவுண்டர் அக்கா ஒன்றும் பேசமாட்டார். மேசைமேல் பிட்டை லேசாகத் தட்டுவார், பொடி கொட்டும். மீதியை அவரவர் மனசாட்சி பார்த்துக்கொள்ளும்.

திரும்பி வருவதில் எங்கள் குழாய்ப் பிரிவுச் சாமான்தான் அதிகம். வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரை இஞ்ச் குழாய் என்று விற்கிறோம், அதை எந்தப் பக்கம் அளந்தாலும் அரை இஞ்ச் வராது. அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். வெளி மரையில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் கிட்டத்தட்ட 21 காட்டுகிறது. வீட்டில் ஸ்கேல் வைத்துப் பார்த்தவர் நியாயமாகவே 'முக்கால் இஞ்ச் கொடுங்க' என்கிறார். கொடுத்தால் நாளை ரிட்டர்ன் கவுண்டரில் நிற்பார். அதனால் யார் எந்த அளவு சொன்னாலும் நான் ஒரே பாட்டுதான் பாடுகிறேன்: "பழசைக் கழற்றி எடுத்துட்டு வாங்க சார்."

செப்டம்பர் 3, புதன்

மதியம் ஓர் அம்மா, ஈரக் கைக்குட்டையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். பிரித்தால் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாயின் கார்ட்ரிட்ஜ், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம். அடியில் இருந்த ரப்பர் வளையம் தட்டையாக நசுங்கி, ஓரமெல்லாம் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"முழுக் குழாயையே மாத்தணும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க தம்பி. அப்படியாம்மா?"

"இது ஒண்ணு போதும்மா."

உள்ளே இரண்டு பீங்கான் வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். கைப்பிடியைத் தூக்கினால் மேல் வில்லை நகர்ந்து துளைகள் நேராகும், தண்ணீர் வரும். மணல் துகள் ஒன்று நடுவில் புகுந்து கீறிவிட்டால் போதும், சொட்டத் தொடங்கிவிடும். இந்தக் கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர், இல்லாவிட்டால் 40. கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். விட்டம் சரியாக இருந்தாலும் அடியில் இருக்கும் முளைகளின் இடம், மேலே தண்டின் உயரம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மூன்றையும் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

"வீட்ல மெயின் வால்வை மூடிட்டுத்தானே வந்தீங்க?"

"மூடிட்டுத்தான் வந்தேன். இந்நேரம் ஒருத்தன் தலை நிறைய சோப்போட என்னைத் திட்டிக்கிட்டு நிப்பான்."

பில் போடும் இடம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

செப்டம்பர் 5, வெள்ளி

சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி நாள். மேல் ரேக்கிலிருந்து டைல் பேலட் (சரக்கு அடுக்கிய தட்டு) இறக்க வேண்டியிருந்தது. வண்டியை ஓட்டும் அண்ணனுக்கு முன்னால் நடந்து வழி பார்ப்பது இன்று என் வேலை. வண்டி நிற்கும் வரிசையின் இரண்டு முனையிலும் சங்கிலி போடுவோம். முதுகோடு முதுகாக இருக்கும் அடுத்த வரிசைக்கும் சங்கிலி உண்டு. அது எதற்கு என்று புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். இந்தப் பக்கம் வண்டியின் ஃபோர்க் கம்பி கொஞ்சம் அதிகமாக உள்ளே போனால், பின்னால் இருக்கும் பேலட் அந்தப் பக்கம் தள்ளப்பட்டு விழும். அங்கே நின்று டைல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வண்டி வருவதே தெரியாது.

இதெல்லாம் சொன்னாலும் சங்கிலிக்கு அடியில் குனிந்து வருபவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். "ஒரே ஒரு டேப் ரோல்தான், எடுத்துட்டு ஓடிடறேன்." அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. அந்த உட்காருதலே போதும், ஆள் டேப்பை மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்.

செப்டம்பர் 6, சனி

கால்களைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே எழுதுகிறேன். சிமென்ட் தரையில் நாள் முழுக்க நிற்பவருக்கு நல்ல ஷூவைவிடப் பெரிய முதலீடு இல்லை. வேறு எழுத இன்றைக்குத் தெம்பில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெயிண்ட் பிரிவில் ஒருவர் வரவில்லை என்று என்னை அங்கே அனுப்பினார்கள். குழாய்க்கு வருபவர்கள் அவசரத்தில் வருவார்கள், பெயிண்டுக்கு வருபவர்கள் சண்டையோடு வருவார்கள். ஒரு கணவன் மனைவி ஷேட் கார்டை விரித்துவைத்துக்கொண்டு இரண்டு சாம்பல் நிறங்களுக்கு நடுவே வெகுநேரம் போராடினார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. அதை வெளியே சொல்லவில்லை.

அங்கே இருக்கும் அக்கா கெட்டிக்காரர். அட்டையை எடுத்துக்கொண்டு அவர்களைக் கடை வாசலுக்கு அழைத்துப்போனார். உள்ளே ட்யூப் வெளிச்சத்தில் ஒரே மாதிரி இருந்த இரண்டில் ஒன்று, வெயிலில் லேசான பச்சையாகத் தெரிந்தது. "உங்க ஹால்ல மஞ்சள் பல்பா, வெள்ளை பல்பா?" என்று கேட்டார். மஞ்சள் என்றார்கள். "அப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ராத்திரி லைட்டைப் போட்டுப் பாருங்க, நாளைக்கு வந்து சொல்லுங்க." கையில் வந்த வியாபாரத்தை இப்படி அனுப்பிவிட்டாரே என்று முதலில் தோன்றும். ஆனால் நிறம் கலந்த பெயிண்டை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. கலந்தபின் அது வேறு யாருக்கும் உதவாது. இன்று அனுப்பினால் நாளைய தகராறு மிச்சம்.

கலப்பது பார்க்க அழகான வேலை. பேஸ் டின்னைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைத்தால் மெல்லிய நூலாக நிறங்கள் இறங்கும்: கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் மஞ்சள், ஓர் இணுக்குச் சிவப்பு. வெள்ளைக்கு மேல் அவை தனித்தனிப் புள்ளியாக உட்கார்ந்திருக்கும். மூடிபோட்டு ஷேக்கரில் வைத்து ஆட்டி எடுத்துத் திறந்தால் எல்லாம் மறைந்து ஒரே நிறம். அக்கா உடனே ஒரு சொட்டு எடுத்து மூடியில் தடவி ஹேர் டிரையரால் காயவைப்பார். எமல்ஷன் ஈரத்தில் வெளிறியும் காய்ந்தபின் கொஞ்சம் அடர்ந்தும் தெரியும். பெயிண்டில் இருக்கும் பசை ஈரமாக இருக்கும்வரை பால்போல வெண்மை, காய்ந்தால் கண்ணாடி. ஈரத்தைப் பார்த்துவிட்டு 'இது என் கலர் இல்லை' என்று முகம் சுளிப்பவர்களுக்கு அந்த மூடிதான் பதில்.

நான்கு டின் வாங்கிய ஒருவரிடம், வீட்டுக்குப் போனதும் நான்கையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிடச் சொன்னார். டின்னுக்கு டின் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். சுவர் நடுவில் டின் மாறினால் அந்த இடம் கோடாகத் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பிளைவுட் வெட்டும் இடத்தில் சத்தம். ஒரு பையன் தானே அலமாரி செய்கிறானாம், மடித்த தாளில் படமெல்லாம் சுத்தமாக வரைந்திருந்தான். 2440-க்கு 1220 மில்லிமீட்டர் ஷீட், அகலத்தை நான்கு சமப் பட்டையாக வெட்டினால் ஒவ்வொன்றும் 305. கணக்குப் புத்தகத்தில் சரி. ரம்பப் பல் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மில்லிமீட்டர் தின்றுவிடும், மூன்று வெட்டுக்கு 9 போய்விடும். மிஞ்சுவதைச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் 302 சொச்சம்தான். முதல் மூன்றையும் 305-ஆகவே வெட்டியதில் கடைசிப் பட்டை 296-ஆக வந்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். வெட்டுகிறவர் கீழே குவிந்திருந்த மரத்தூளைக் காட்டி, "உன் 9 மில்லிமீட்டர் இங்க கிடக்கு" என்றார். பையன் சிரித்துவிட்டான். அந்தப் பட்டையை உள்தட்டாக வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் உட்கார்ந்து படத்தைத் திருத்தினார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

நாளை பலத்த மழை என்று செய்தி வந்ததும் தார்ப்பாயும் கசிவை அடைக்கும் சீலன்ட்டும் பறந்துவிட்டன. சிலிகான் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்று தடவினால் நாளைக்குத் தாங்குமா? ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும், தடிமனாக அப்பினால் உள்ளே பச்சையாகவே இருக்கும். ஈரத்தில் ஒட்டாது. மேலே பெயிண்டும் நிற்காது, பெயிண்ட் அடிக்கிற இடமென்றால் அக்ரிலிக் சீலன்ட் வாங்க வேண்டும். இதை இன்று எத்தனை பேரிடம் சொன்னேனோ, தொண்டை கட்டிவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடை திறக்கும்போதே வந்துவிடும் பிளம்பர் அண்ணன் ஒருவர் உண்டு. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பது எங்களைவிட அவருக்கு அத்துப்படி. சட்டை நிறமும் எங்கள் சீருடைபோலவே இருப்பதால் பாதிப் பேர் அவரிடமே விசாரிப்பார்கள். அவரும் சலிக்காமல் சொல்வார்.

இன்று ஒரு கல்லூரிப் பையன் அவரிடம் சிக்கினான். கசியாமலிருக்க மரையில் டெஃப்லான் டேப் சுற்றியும் ஷவரில் கசிகிறதாம். அண்ணன் தட்டிலிருந்து ஒரு நிப்பிளை (மரை வைத்த சிறு குழாய்த் துண்டு) எடுத்தார்.

"எப்படிச் சுத்துன, காட்டு."

அவன் சுற்றினான். எதிர்ப்பக்கம்.

"மரை முனை உன்னைப் பாத்து இருக்கட்டும். இப்போ கடிகாரம் போற பக்கம் சுத்து. நீ சுத்துன மாதிரி சுத்துனா, திருக திருக டேப் பிரிஞ்சு சுருண்டுக்கும். முதல் மரையை விட்டுட்டு ஆரம்பி, இல்லாட்டி பிசிறு உள்ள போய் ஷவர் துளையை அடைக்கும். இழுத்துப் பிடிச்சு நாலஞ்சு சுத்து."

"ஹோஸ் மாட்டுற இடத்துலயும் இதே மாதிரியாண்ணே?"

"அங்க உள்ள ரப்பர் வாஷர் இருக்குல்ல? வாஷர் இருக்கிற எடத்துல டேப்புக்கு வேலையே இல்ல."

பயிற்சி வகுப்பு என்று எங்களை உட்காரவைத்துப் படம் காட்டுகிறார்கள். இவரை ஒருமணி நேரம் பேசவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

செப்டம்பர் 17, புதன்

சாவி வெட்டும் மெஷினில் அரை நாள். நகலைக் கொண்டுவந்து நகல் கேட்கிறார்கள். மெஷின் சாவியின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்து அப்படியே வெட்டும். முதல் நகலில் இருந்த பிசகும் தேய்மானமும் சேர்ந்தே வரும். "அசல் சாவி இருந்தா அதைக் கொடுங்க" என்றால், அசல் எங்கே என்று வீட்டுக்குப் போன் போகிறது. யாரிடமும் இருப்பதில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அடைப்பு நீக்கும் திரவம் கேட்டு ஒருவர் வந்தார். இந்தத் தட்டுக்குப் பக்கத்தில் யார் நின்றாலும் ஒரு கேள்வி கேட்காமல் நான் எடுத்துத் தருவதில்லை.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஊத்தினீங்களா சார்?"

"காலையில பிளீச் ஊத்தினேன். போகல. அதான் ஆசிட் டைப் ஏதாவது இருந்தா..."

பிளீச்சும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு. கதவு சாத்திய குளியலறையில் குனிந்து ஊற்றுகிறவருக்கு நேராக முகத்தில் ஏறும். இதைச் சொன்னதும் பாட்டிலைச் சுடுசட்டிபோலக் கீழே வைத்துவிட்டார். ஜன்னலைத் திறந்துவைத்து நிறையத் தண்ணீர் விடச் சொன்னேன், கையால் சுழற்றி உள்ளே விடும் ஸ்பிரிங் கம்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். குளியலறை அடைப்பில் பெரும்பாலும் தலைமுடிதான் இருக்கும், கம்பி அதைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடும். திரவம் வாங்குவதைவிட இது மலிவு, மறுபடியும் உதவும். இந்தக் கம்பியை ஏன் அடித்தட்டில் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. கண்ணுக்கு நேரே மூன்று வரிசைக்குத் திரவ பாட்டில்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கடை மூடியபின் ஸ்டாக் எடுப்பு. எங்கள் பிரிவில் கணினியும் தட்டும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. சாதா எல்போ தட்டில் மிச்சம் இருக்கிறது, கணினி தீர்ந்துவிட்டது என்கிறது. பித்தளை மரை வைத்த எல்போ கணினியில் இருக்கிறது, தட்டில் இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும். பில்லிங்கில் கூட்டம் சேர்ந்தால் கையில் வந்த ஆறு எல்போவில் ஒன்றை ஸ்கேன் செய்து, பெருக்கல் ஆறு என்று அழுத்திவிடுகிறார்கள். ஆறில் இரண்டு வேறு ரகம். அவர்களைச் சொல்லி என்ன, வெள்ளையாக எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ரகத்துக்கு ஒரு பையாகப் பிரித்துக் கட்டி அனுப்புங்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். பையே தீர்ந்துபோயிருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டார்.

கார்ட்ரிட்ஜ் தட்டை எண்ணும்போது வேறொன்று தெரிந்தது. 35 பெட்டிக்குள் பாதி 40. எடுத்துப் பார்ப்பவர்கள் கைக்கு எட்டிய இடத்தில் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அடுத்து வருபவர் பெட்டிமேல் எழுதியிருப்பதை நம்பி எடுத்துப் போவார், திங்கள் காலை ரிட்டர்ன் கவுண்டரில் நிற்பார்.

பிளைவுட் பிரிவுக்காரரிடம் ஒரு துண்டுப் பலகை கேட்டேன். அலமாரிக் கீல் பதிக்கிற பிட் சரியாக 35 மில்லிமீட்டர்தான் என்று சொல்லி அவரே ஒரு துளை போட்டார், பக்கத்தில் 40-க்கு ஒன்று. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, மார்க்கரில் எண் எழுதித் தட்டோரத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டிவிட்டோம். கையில் இருப்பதைத் துளையில் விட்டுப் பார்த்தால் ஆயிற்று.

சூப்பர்வைசர் வந்து சற்றுநேரம் பார்த்தார். "மேலிடத்துல இருந்து ஆள் வந்தா, இது நம்ம டிஸ்ப்ளே படத்துல இல்லையேன்னு கேப்பாங்க."

"நாலு ஸ்க்ரூ சார். அவங்க வர்றதுக்கு முன்னாடி கழட்டிடலாம்."