பட்டியலில் இருக்கும் பெயரைத் தேடிப் போவது

தேர்தல் கருத்துக்கணிப்பு என்றதும் தொலைக்காட்சித் திரையில் கட்சிவாரியாக வரும் இடங்களின் எண்ணிக்கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த எண்ணின் தரம் ஸ்டுடியோவில் முடிவாவதில்லை. எந்தத் தெருவில் எந்த வீட்டுக்குப் போனோம், யாரிடம் கேட்டோம், யாரைப் பார்க்காமலே திரும்பினோம் என்பதில் முடிவாகிறது. களத்துக்கு அனுப்பும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதல் நாளில் பெரும்பகுதி இதற்கே போகும்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கான ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். 234 தொகுதிகளிலிருந்து தேவையான அளவு தொகுதிகளைக் குலுக்கல் முறையில் எடுக்கிறோம். வாக்காளர் அதிகமுள்ள தொகுதிக்கு அதற்கேற்ற கூடுதல் வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் அதே முறையில் நான்கைந்து வாக்குச்சாவடிகள். பிறகு அந்தந்தச் சாவடிக்குரிய வாக்காளர் பட்டியலைத் தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். 1,120 பெயர்கள் இருக்கின்றன, 25 பேர் வேண்டும் என்றால், வகுத்தால் 44 சொச்சம். 1க்கும் 44க்கும் இடையில் ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறோம். 17 வந்தால் 17, 61, 105 என்று 44ஐக் கூட்டிக்கொண்டே போகலாம். அந்த வரிசை எண்ணில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் பார்க்க வேண்டும். அவர் இல்லையென்றால் தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கேட்டுப் படிவத்தை நிரப்பக் கூடாது.

இந்த விதிதான் களத்தில் முதலில் உடையும். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் தாய்வீட்டு முகவரியிலேயே கிடக்கும். இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு: இறந்தவர், ஊர் மாறியவர், பூட்டிய வீடு, மறுத்தவர். பூட்டிய வீட்டையும் மறுத்தவரையும் ஒன்றாகப் போட்டுவிட்டால் அந்த ஆய்வைப் பிறகு சரிசெய்ய வழியே இல்லை. பூட்டிய வீட்டுக்கு வேறு நேரத்தில் போனால் ஆள் கிடைப்பார். மறுத்தவரிடம் இன்னொருவர், முடிந்தால் ஒரு பெண், போய்ப் பேசிப் பார்க்க வேண்டும்.

நேரம் மிக முக்கியம். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை போனால் வயதானவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும்தான் கிடைப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கிற ஊரில் அந்தப் பெண்களும் இருக்கமாட்டார்கள். கூலிக்குப் போகிறவர், ஷிப்ட் வேலைக்காரர், கல்லூரி மாணவர் எல்லோரையும் பார்க்க இரவு ஏழு மணியும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். ஒரு பெயருக்கு வெவ்வேறு வேளைகளில் மூன்று முறையாவது போகாமல் அதைக் கைவிடக் கூடாது. செலவு கூடுகிறது என்று மேலே இருப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்த மறுவருகையைத்தான். அது ஆய்வின் உயிரையே வெட்டுவது. மெயின் ரோட்டிலும் டீக்கடையிலும் ஆள் பிடித்தால் ஒரே நாளில் 25 படிவமும் நிரம்பிவிடும். ஆனால் அதில் ஆண்கள் மிகுந்திருப்பார்கள், கட்சி பேசுகிறவர்கள் மிகுந்திருப்பார்கள், தலித் மக்கள் வாழும் காலனிப் பக்கம் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஒரு சமூகமே கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

விடுபட்டவர்களை எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் கணிப்பு நடத்திய லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்குச் சுமார் 24 லட்சம் பதில்கள் வந்தன. ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அது எழுதியது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை நம்பியது ஒரு காரணம். பதில் அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல என்பது மற்றொன்று.

கேள்வி கேட்கும் இடத்திலும் பிசகு நடக்கும். மனைவியிடம் கேட்டால் கணவர் பதில் சொல்வார். திண்ணையில் நாலு பேர் கூடுவார்கள், அதில் ஒருவர் கரைவேட்டியில் இருப்பார். அந்த நேரத்தில் வருவது அவருக்காகச் சொல்லப்படும் பதில். அதனால் வாக்குக் கேள்விக்கு மட்டும் சின்னங்கள் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்கிறோம். சீட்டின் பின்பக்கம் படிவ எண் இருப்பது கட்டாயம். மறந்தால் அந்த வாக்கை வயதோடோ பாலினத்தோடோ சேர்த்துப் பார்க்க முடியாது. வாக்குக் கேள்வி முன்னால் வரவேண்டும். விலைவாசி, குடிநீர் என்று பத்துக் கேள்வி கேட்டு அவரைக் கோபப்படுத்திவிட்டு "யாருக்குப் போடுவீர்கள்?" என்றால், பதில் நாம் உண்டாக்கியதாகிவிடும்.

"இன்னும் முடிவு பண்ணலைங்க" என்பவர்களில் உண்மையிலேயே முடிவு செய்யாதவரும் உண்டு, சொல்ல விரும்பாதவரும் உண்டு. "இன்றைக்கே தேர்தல் என்றால் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது?" என்று ஒருமுறை கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. மீதமிருப்பவர்களை மற்றவர்களின் விகிதப்படி பங்குபோட்டுவிடுவது வழக்கமான குறுக்குவழி. ஆளுங்கட்சிக்கு அஞ்சி வாய்மூடியிருப்பவர்கள் அதிகமுள்ள ஊரில் இது மோசமாகத் தவறும்.

டேப்லெட் வந்தபின் சோதனை எளிதானது. ஜிபிஎஸ் இடம், பேச்சின் ஒலிப்பதிவு, எடுத்த நேரம் மூன்றும் இருக்கின்றன. இருபது நிமிடம் ஆகவேண்டிய பேட்டி ஆறு நிமிடத்தில் முடிந்திருந்தால் ஒலிப்பதிவைக் கேட்டே ஆகவேண்டும். ஒரு பகுதி படிவங்களுக்குத் தொலைபேசியில் மறுசோதனையும் உண்டு. கிடைத்தவர்களின் விகிதத்தை வாக்காளர்களின் உண்மையான விகிதத்தோடு பொருத்தி எடை சரிசெய்யும்போது பாலினம், வயது, நகரம், கிராமம் ஆகியவற்றில் சிக்கல் குறைவு. "போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள்?" என்பதை வைத்து எடை போடுவதில்தான் ஆபத்து. வென்ற கட்சிக்கே போட்டதாகச் சொல்கிறவர்கள் உண்மையில் போட்டவர்களைவிட அதிகமாக வருவது வழக்கம்.

அடுத்தது வாக்குச் சதவீதத்தை இடங்களின் எண்ணிக்கையாக மாற்றுவது. குலுக்கல் பிசகாமல் எடுத்த 1,000 பேரில் பிழை எல்லை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ 3 சதவீதம். 4,000 பேரில் ஒன்றரை. ஒரே சாவடியில் 25 பேரை எடுப்பதால், அக்கம்பக்கத்தார் ஒரேமாதிரி வாக்களிக்கும் அளவுக்கு அது இன்னும் கூடும். இரண்டு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசத்துக்கோ பிழை ஏறக்குறைய இரட்டிப்பு. 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் இடையில் இருந்தது சுமார் ஒரு சதவீத வாக்குதான். வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் இடங்கள் 134, 98 என்று பிரிந்தன. வாக்குப்பதிவு முடிந்த மாலையில் பல கணிப்புகள் திமுகவையே முன்னால் வைத்திருந்தன. அந்தத் தேர்தலில் யார் முந்துவார் என்று சொல்லும் கூர்மை எந்த ஆய்வுக்கும் இருந்திருக்க முடியாது என்பதே என் கணிப்பு. 2014 மக்களவைத் தேர்தலில் சுமார் 44 சதவீதம் அதிமுகவுக்கு 39இல் 37 இடங்களைக் கொடுத்தது. சுமார் 24 சதவீதம் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனாலும் பார்ப்பவர்கள் இடத்தைத்தான் கேட்கிறார்கள், சேனல்களும் அதையே கொடுக்கின்றன.

வெளியிடுவதற்குச் சட்டம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவின்படி, வாக்களித்தவர்களிடம் எடுத்த கணிப்பைக் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வெளியிடக் கூடாது. யார் எடுத்தது, யார் எடுக்கச் சொன்னது, எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பிழை எவ்வளவு என்பதைச் சேர்த்து அச்சிட வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு இந்தியப் பத்திரிகை மன்றம் வழிகாட்டியிருக்கிறது. அதோடு இன்னும் மூன்று எண்கள் சேர வேண்டும்: பட்டியலில் குறித்த பெயர்கள் எத்தனை, அவர்களில் நேரில் கிடைத்தவர்கள் எத்தனை, கிடைத்தும் பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை. ஒழுங்காக நடந்த எந்த ஆய்விலும் இவை மேற்பார்வையாளரின் தாளிலேயே இருக்கும்.