ஒருசந்தியும் ஐம்பது ரூபாயும்

தவக்காலம்னாலே, அதான் ஈஸ்டருக்கு முந்தி கத்தோலிக்கருங்க நோன்பு இருக்குற நாப்பது நாள், எனக்கு பாட்டியோட ரெண்டு வார்த்தைதான் ஞாபகம் வரும், ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தின்னா ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு, சுத்தபோசனம்னா கறி கிடையாது. திருச்சபை சட்டப்படி கட்டாய ஒருசந்தி வருஷத்துக்கு ரெண்டே நாள்தான், தவக்காலம் தொடங்குற திருநீற்றுப் புதனும் இயேசு சிலுவையில இறந்த பெரிய வெள்ளியும், அதுவும் 18 வயசுலேர்ந்து 59 வரைக்கும்தான். பாட்டி 80 தாண்டியும் விடல. நான் கடைப்பிடிக்கிறது வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் மட்டும், அதுலயும் மீன் சாப்பிடலாம்னு ஒரு வசதி இருக்கே, போன வருஷம் கோழிய விட எக்கச்சக்க விலைக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்துத் தின்னுட்டு, ஏதோ பெரிய தவம் பண்ணுன மாதிரி நிம்மதியா தூங்கினேன்.

பாவசங்கீர்த்தனமும், அதாவது சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குறதும், அதே லட்சணம்தான். சின்ன வயசுல முதல் தடவை நற்கருணை, அதான் புதுநன்மை, வாங்குறப்ப மறைக்கல்வி வகுப்புல ஆத்தும சோதனை (நம்ம பாவத்தை நாமே யோசிச்சுப் பாக்குறது), மனஸ்தாபம் (அதுக்காக வருந்துறது)னு வரிசையா மனப்பாடம் பண்ண வச்சாங்க. பொய் சொன்னேன், கோபப்பட்டேன், அம்மா பேச்சை கேக்கல, ஞாயித்துக்கிழமை பூசைக்கு போகல. அன்னைக்கு சாமியார்கிட்ட சொன்ன அதே நாலு பாவத்தைத்தான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்.

இந்த வருஷம் பிப்ரவரி 18 திருநீற்றுப் புதனுக்கு நெத்தியில சாம்பல் பூசிட்டு வந்ததும், இந்த தடவையாச்சும் ஒழுங்கா ஆத்தும சோதனை பண்ணுவோம்னு போன்ல எழுத உக்காந்தேன். அரை மணி நேரம் எழுதிட்டு வாசிச்சுப் பார்த்தா எனக்கே சிரிப்பு, பாதிக்கு மேல மத்தவங்க பண்ணுன தப்பு. மேனேஜர் இப்படி பேசினார் அதனால கோபப்பட்டேன், நாத்தனார் அப்படி சொன்னாங்க அதனால வருத்தப்பட்டேன். மாத்திட்டு மறுபடி எழுத மனசில்ல, போனை வச்சுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு சிலுவைப்பாதை ஜெபத்துக்கு போனேன், அன்னைக்கு பூசையில பைபிள் வாசகம் எசாயா 58ஆம் அதிகாரம். ஏன் எங்க நோன்பை நீர் பாக்கலன்னு ஜனங்க கடவுள்கிட்ட கேக்குறாங்க, அதுக்கு அவர், நோன்பு நாள்லயும் உங்க வேலையாளுங்கள போட்டு ஒடுக்குறீங்களேங்கிறார். வருஷா வருஷம் திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி இதே வாசகம்தான், நான் கேட்டதே இல்ல. வேலையாளுங்கன்னதும் சட்டுனு எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்கா முகம் வந்துச்சு.

டிசம்பர்ல அவங்க பொண்ணுக்கு காய்ச்சல்னு லீவு போட்டாங்க. சம்பளம் 4500, நான் நாளுக்கு 150 கணக்கு போட்டு பிடிச்சுட்டு கொடுத்தேன், அதுவும் கிறிஸ்துமஸ் மாசத்துல. எனக்கு உடம்பு சரியில்லாதப்ப ஆபீஸ்ல சம்பளத்தோட லீவு தர்றாங்க, அது என் உரிமை. இது மட்டும் எப்படி கணக்கு ஆச்சுன்னு யோசிச்சேன், பதில் வரல. அந்தப் போன் லிஸ்ட்ல இது இல்லவே இல்ல, இத்தனைக்கும் கோயில்ல கொடுத்த தவக்கால உண்டியல்ல அந்த வாரமே நூறு ரூபா போட்டிருந்தேன்!

பைபிள்ல வர்ற வரி வசூலிக்கிறவர் சக்கேயு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு சொன்னார். ரெண்டு நாளுக்கு 300, நாலு மடங்குன்னா 1200, அவ்வளவு தாராளம் எனக்கு வரல, உள்ளதைச் சொல்றேன். ஒரு ஐநூறு ரூபா நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு திங்கக்கிழமை காலையில, அவங்க பாத்திரம் விளக்கிட்டிருக்கப்ப, அக்கா டிசம்பர்ல ரெண்டு நாள் காசு பிடிச்சேன்ல அது தப்புக்கா, இந்தாங்கன்னு நீட்டினேன்.

கையைத் துடைச்சுட்டு நோட்டை வாங்கி பாத்தாங்க.

"ரெண்டு நாள் இல்லம்மா, மூணு நாளு. நானூத்தம்பது."

சொல்லிட்டு இடுப்புல இருந்த சுருக்குப் பையை அவுத்து, ஒரு அம்பது ரூபாயை எடுத்து அடுப்பு மேடையில வச்சுட்டு குழாயைத் திறந்துவிட்டாங்க.