4கே காடும் குட்டி மரமும்

ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் ஆட்டமான 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-இன் புதுப்பித்த பதிப்பை (டெஃபினிடிவ் எடிஷன்) வாங்கிய கையோடு நான் செய்த முதல் காரியம், மரங்களைச் சின்னதாக்கும் மாட் ஒன்றை, அதாவது ஆட்டத்தின் தோற்றத்தை மாற்றும் ஒட்டு நிரலை, போட்டதுதான். சிரிக்காதீர்கள், ஆன்லைனில் ஆடுகிற பலரும் இதைத்தான் செய்கிறார்கள். 1999-இல் வந்த ஆட்டத்தை 2019-இல் 4கே தரத்துக்கு உயர்த்தி, காட்டை இலை இலையாக வரைந்திருக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஆடும்போது எனக்குத் தெரிய வேண்டியது வேறு: இரண்டு மரத்துக்கு நடுவே எதிரியின் குதிரை நுழையச் சந்து இருக்கிறதா, அங்கே வேலி போட வேண்டுமா? பெரிய மரங்கள் அதை மறைத்துவிடுகின்றன. மாட் போட்டால் காடே முழங்கால் உயரச் செடியாகிவிடும். ஒவ்வொரு சந்தும் பளிச்சென்று தெரியும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பழைய ஆட்டத்தில் வயல் தீர்ந்துபோனால் நாம்தான் பார்த்து மறுபடி விதைக்க வேண்டும். சண்டை மும்முரத்தில் அதை யார் கவனிப்பது? ஆட்கள் பாட்டுக்குச் சும்மா நிற்பார்கள். இப்போது மரக்கட்டை கையிருப்பில் இருந்தால் வயல் தானாக விதைத்துக்கொள்கிறது. இதனால் திறமைக்கு மதிப்பு போய்விட்டது என்று பழைய ஆட்கள் சிலர் முறைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது திறமையே இல்லை, வெறும் சள்ளை. கோட்டை இடிந்தால் கல் கல்லாகச் சரிகிறது, அதுவும் பிடித்திருக்கிறது.

பழைய ஆட்டம் 32 எம்பி ராம் உள்ள கம்ப்யூட்டரிலேயே ஓடியது. புதியதில் தரவரிசைப் போட்டிக்குள் நுழைய கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் சோதனை ஒன்று உண்டு. 1000 மதிப்பெண் எடுத்தால்தான் அனுமதி. தம்பியின் பழைய லேப்டாப் அதிலேயே ஃபெயில். இருபது வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தை ஆட நுழைவுத் தேர்வு என்றால் என்ன நியாயம்?

இவ்வளவு திட்டியும் நான் பழையதற்குத் திரும்பாததற்குக் காரணம் 2022-இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு. தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதற்கு முன் நாம் எடுத்து ஆடும் நாகரிகங்களில் இந்தியாவுக்கு 'இந்தியர்' என்று ஒன்றே ஒன்றுதான், பேச்சும் இந்திதான். இப்போது திராவிடர் தனி. கிராமத்து ஆளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்கிறான். ராஜேந்திர சோழனுக்கென்று ஒரு கேம்பைனும், அதாவது கதையாகத் தொடரும் ஆட்டமும், இருக்கிறது. சாட்டை போல வளையும் கேரளத்து வாளான உருமியைத் தூக்கிச் சோழப் படையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். எல்லாத் தென்னாட்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் அப்படித்தான் ஆகும். திராவிடருக்குக் குதிரை வீரர்களில் 'நைட்' என்ற கவசக் குதிரைவீரன் கிடையாது என்பதால் எனக்குப் பழகிய ஆட்டமே செல்லுபடியாகவில்லை. குதிரைக்கு வேலை குறைவான, குளம், கடல் உள்ள மேப் கிடைத்தால் மட்டும் இப்போதைக்குத் திராவிடரை எடுக்கிறேன். தரை மேப்பில் எடுத்தால் தம்பி அடித்துத் துவைத்துவிடுகிறான், அதுவும் நான் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பில்.