போல்ட் மூடாத பித்தளை: ஜனவரி நாட்குறிப்பு

2025 ஜனவரி 4, சனி

டெக்சாஸின் வடக்கு மண்டலத்தில் மான் சீசன் முடிகிற வாரயிறுதி. வேலையிடத்துத் தம்பி ஒருவன் மறுபடி மருந்து நிரப்பிச் சுடுவதற்காக, சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளை இரண்டு பை நிறைய எடுத்துக்கொண்டு மதியம் கராஜுக்கு வந்துவிட்டான். தோட்டா .308 வின்செஸ்டர், துப்பாக்கி ரெமிங்டன் 700. ஒரு பையில் அவன் துப்பாக்கியிலேயே சுட்டவை, இன்னொன்றில் ஒரு வியாபாரியிடம் எடைக்கு வாங்கிய ராணுவ உறைகள், லேக் சிட்டி (அமெரிக்க ராணுவத் தோட்டாத் தொழிற்சாலை) முத்திரை போட்டவை. “அண்ணா, எல்லாத்தையும் டைக்குள்ள விட்டு எடுத்துட்டேன், ஆனா நிறைய உறைக்கு போல்ட் மூட மாட்டேங்குது. டை போயிடுச்சா?”

டை, அதாவது சுட்ட உறையை நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சு, போவது அபூர்வம். (போல்ட் என்பது தோட்டாவைத் தள்ளித் துப்பாக்கியைப் பின்னாலிருந்து மூடும் பாகம்.) சுடும்போது உள்ளே சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டுக்குப் பக்கத்தில் அழுத்தம் ஏறி, பித்தளை விரிந்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அப்புறம் கொஞ்சம் சுருங்குகிறது. அந்தக் கொஞ்சம் போதாது என்பதால்தான் டைக்குள் விட்டு ரீசைஸ் செய்கிறோம். தோள் (உடம்பு கழுத்தாகச் சரியும் இடம்) முன்னால் நிற்கலாம், அடிப்பகுதி பருத்திருக்கலாம், கழுத்து இழுபட்டிருக்கலாம், வெறும் நீளமே அதிகமாக இருக்கலாம் (2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2.005-க்கு வெட்டிக்கொள்வது வழக்கம்). கைக்குத் தெரிவது எல்லாவற்றிலும் ஒன்றுதான்: போல்ட் இறுகுகிறது. அதனால்தான் “டையை இன்னும் கால் சுற்று இறக்கிவிடு” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப்படும் யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம், கால் சுற்று கிட்டத்தட்ட 0.018. நமக்கு வேண்டியதோ 0.002.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இன்று அளவு பார்ப்பது மட்டும். காலிப்பரில் கம்பாரேட்டர் (தோளில் உட்காரும் அளவு வளையத்தைப் பிடிக்கும் துணைக்கருவி) மாட்டி, .400 அங்குல வளையத்தைப் போட்டு, அடியிலிருந்து தோளின் நடுப்பகுதி வரை எவ்வளவு என்று பார்த்தோம். உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைத் தட்டி எடுத்த பிறகுதான் அளக்க வேண்டும், சுட்ட பிரைமர் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தாலும் எண் பொய் சொல்லும். அவன் துப்பாக்கியில் சுட்ட உறைகள் 1.631 அங்குலம். அவனே ரீசைஸ் செய்து மூடாமல் போனவை 1.633, 1.634.

தம்பி இரண்டு தடவை வாங்கிப் பார்த்தான். டைக்குள் போய் வந்த உறை எப்படி நீளும் என்று அவனுக்கு விளங்கவில்லை. நீளத்தான் செய்யும். உறை டைக்குள் ஏறும்போது முதலில் நெருக்கப்படுவது உடம்பு. டையின் தோள் இன்னும் உறையின் தோளைத் தொட்டிருக்காது. பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கினால் எங்கே போகும், அப்படித்தான் பித்தளை மேலே தள்ளப்பட்டு தோள் முன்னேறுகிறது. அதற்கு மேல் கடைசிச் சில ஆயிரத்தில் பங்கு அங்குலத்தில்தான் டை தோளைத் தொட்டுப் பின்னால் தள்ளும். அந்தக் கடைசிப் பகுதிக்குப் போகாமல் நிறுத்தினால், ரீசைஸ் செய்த உறை செய்யாத உறையைவிட மோசமாக இறுகும். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்புவது இதைத்தான்.

அவன் டையை, உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடுகிற மாதிரித்தான் வைத்திருந்தான், ஆனால் பிரஸ்ஸில் (உறையை டைக்குள் தள்ளும் நெம்புகோல் கருவி) உறை இல்லாதபோது வைத்தது. உறையோடு நெம்பும்போது பிரஸ் நெளிகிறது. டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தால், நெம்புகோல் முழுக்க இறங்கிய நிலையிலும் டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் அளந்து, 1.629-இல் நிறுத்தி, டையை அங்கேயே பூட்டும் லாக் ரிங்கை இறுக்கினோம். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (பிரைமரைத் தட்டும் ஊசி) இஜெக்டரையும் (உறையை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிட்டு, மருந்தோ பிரைமரோ இல்லாத வெற்று உறையை வைத்துப் பார்த்தால் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே விழுகிறது. அவன் சொந்த உறைகளுக்கு இதோடு பிரச்சினை தீர்ந்தது.

தோளைத் தேவைக்கு மேல் தள்ளினால்? போல்ட் வெண்ணெயாக மூடும், ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் அடிக்கு மேலே உள்ள சுவர் இழுபட்டு மெலியும், ஒரு நாள் உறை இரண்டாகப் பிரியும். முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம் இது.

2025 ஜனவரி 9, வியாழன்

இரவு தம்பியிடமிருந்து போன். உறை டைக்குள் மாட்டிக்கொண்டது, விளிம்பு பிய்ந்து வந்துவிட்டது. உறை வழுக்குவதற்கான லானலின் ஸ்ப்ரேயை அடித்தவுடன் பிரஸ்ஸில் வைத்திருக்கிறான். அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகும் வரை அது வழுக்காது. உள் கம்பியைத் தளர்த்திவிட்டு, பிரைமர் துளை வழியாக டிரில் போட்டு, 1/4-20 மரை வெட்டி, வாஷர் வைத்த திருகாணியால் இழுக்கச் சொன்னேன். வந்துவிட்டது, டையும் பத்திரம். அதற்காக அள்ளிப் பூசவும் கூடாது, தோளில் குழி குழியாக விழும்.

2025 ஜனவரி 11, சனி

ராணுவ உறைகளின் முறை. எல்லாம் 1.629-க்கு வந்துவிட்டன, இருந்தும் சில இறுகுகின்றன. அப்படியானால் காரணம் தோள் இல்லை. கறுப்பு மார்க்கரால் ஓர் உறை முழுக்கப் பூசி, சேம்பருக்குள் விட்டு, போல்ட்டை மெல்ல மூடித் திறந்து எடுத்தோம். தோளில் மை அப்படியே இருக்கிறது. உறையை வெளியே இழுக்கும் கொக்கி பிடிக்கிற எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்குச் சற்று மேலே, பித்தளை கெட்டியாக இருக்கிற இடத்தில், ஒரு பக்கம் மட்டும் நகக்கண் அகலத்துக்கு மை உரசிப்போய்ப் பளபளவென்று தெரிந்தது. தம்பியிடம் விளக்கவே தேவைப்படவில்லை, அவனே “அடிதானே அண்ணா?” என்றான்.

இந்த ராணுவ உறைகள் இயந்திரத் துப்பாக்கியில் சுட்டவையாக இருக்கலாம். அதன் சேம்பர் தாராளமாக இருக்கும், அழுக்கிலும் சூட்டிலும் வேலை செய்ய வேண்டுமே. அதில் சுட்ட உறையின் அடி பருத்துவிடுகிறது. சாதாரண டையின் வாய் வளைத்துச் சீவியிருப்பதாலும் ஷெல் ஹோல்டர் குறுக்கே நிற்பதாலும் அந்தக் கடைசித் துளி இடத்துக்கு டை எட்டாது. எத்தனை தடவை இறக்கினாலும் தோள்தான் வீணாகப் பின்னே போகும். அடியை இன்னும் இறுக்கி நெருக்கும் என் ஸ்மால் பேஸ் டையில் நன்றாக மெழுகு தடவி ஒரு முறை விட்டதும் பெரும்பாலானவை நுழைந்தன. நுழையாதவற்றை நசுக்கிக் குப்பைப் பித்தளையில் போட்டோம். தம்பிக்கு மனசில்லை, எனக்கு யோசனையே இல்லை.

2025 ஜனவரி 18, சனி

மீதமிருந்த ஒரு சின்னக் குழப்பம்: ஒரே டை, ஒரே அமைப்பு, ஆனால் அளவு 1.628-இலிருந்து 1.632 வரை அலைகிறது. உறையை வெளியே இழுக்கும்போது கழுத்தை உள்ளிருந்து அளவுக்கு விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை கழுத்துக்குள் கிறீச்சென்று கத்தியது காதிலேயே விழுந்தது. உலர்ந்த கழுத்தைப் பிடித்து இழுக்கையில் தோளும் கூடவே வருகிறது. நைலான் பிரஷ்ஷால் உள்ளே கிராஃபைட் தடவியதும் அலைச்சல் பாதியாகக் குறைந்தது. மிச்சம், பல முறை சுட்டு இறுகிப்போன பித்தளை: டை தள்ளிய பிறகும் பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்புகிறது. அவற்றைக் கழுத்திலும் தோளிலும் மட்டும் அனீல் செய்து (சூடாக்கி மிருதுவாக்கி), ஆறவிட்டு, மறுபடி ரீசைஸ் செய்தோம். அடிப்பகுதியில் சூடு படவே கூடாது, அங்கே பித்தளை மிருதுவானால் துப்பாக்கிக்கும் சுடுகிறவனுக்கும் ஆபத்து.

கடைசியாக எல்லா உறைக்குள்ளும் நுனி வளைத்த பேப்பர் கிளிப்பை விட்டு, அடிக்கு மேலே சுவரைத் தடவிப் பார்த்தோம். கிளிப் பள்ளத்தில் தடுக்கியவை, வெளியே வெள்ளை வளையம் தெரிந்தவை, இரண்டும் போச்சு. மெழுகை நன்றாகத் துடைத்த பிறகு, ராணுவ உறைகள் தனி டப்பா, அவனுடையவை தனி டப்பா, மேலே டேப் ஒட்டி ரீசைஸ் அளவு எழுதியாயிற்று. அடுத்த சனிக்கிழமை நீளம் வெட்டிவிட்டு, ராணுவ உறைகளின் பிரைமர் குழியில் உள்ள கிரிம்பை (பிரைமரை நகராமல் பிடிக்க நசுக்கிய விளிம்பு) எடுக்க வேண்டும்.