22 செட்டு அடிச்சும் ஏறாத நெஞ்சு

பெங்களூரு அல்சூர்ல நான் போற ஜிம்ல சாயங்காலம் பெஞ்ச் காலியா கிடைக்கிறதே பெரிய விஷயம், அதுல போன வருஷம் நாலு மாசம் திங்கக்கிழமை ஒரே நாள்ல நெஞ்சுக்கு மட்டும் 22 செட்டு (ஒரு செட்டுன்னா நிறுத்தாம தொடர்ச்சியா சில தடவ தூக்குறது) அடிச்சேன்னா பாத்துக்கோங்க. ஃபோன்ல எவனோ ஸ்டீராய்டு ஊசி போட்டவன் சொன்ன ப்ளான், நமக்கு ஊசியும் இல்ல ஒண்ணும் இல்ல. பெஞ்ச் பிரஸ் (பெஞ்சுல படுத்து வெயிட்ட மேல தள்ளுறது) 70 கிலோ எட்டு ரெப்ஸ்லயே, அதாவது எட்டு தடவலயே நின்னுச்சு, தோள்பட்டை வலி வேற, பனியன் மாட்டுறதுக்குள்ள அம்மான்னு கத்தணும்.

நோட்டுப் புக்க எடுத்து பாத்தா 13வது செட்டுக்கு மேல வெயிட்டு கொறஞ்சுகிட்டே போகுது, சும்மா தள்ளியிருக்கேன். 2017-ல உடற்பயிற்சி ஆய்வாளர் ஷோன்ஃபெல்ட் டீம் பழைய ஆய்வுகள சேத்து பாத்ததுல ஒரு தசைக்கு 10 செட்டும் அதுக்கு மேலயும் பண்ணா வளர்ச்சி ஜாஸ்தின்னு வந்துச்சு, ஆனா அது வாரக் கணக்கு சாமி, ஒரே நாள் கணக்கு இல்ல.

இப்ப நெஞ்சுக்கு திங்கள் ஆறு செட்டு, வியாழன் ஆறு. பிளாட் பெஞ்சும் இன்கிளைன் டம்பெல்லும் (சாய்வு பெஞ்சுல டம்பெல் தள்ளுறது) ரெண்டு மாசத்துக்கு மாத்துறதே இல்ல, அப்பதான் ஏறுதா இல்லையான்னு தெரியும், கடைசில பண்ற கேபிள் ஃப்ளை மாதிரி சின்னப் பயிற்சிய மட்டும் போரடிச்சா மாத்திப்பேன். முன்னாடி வாராவாரம் புதுசு புதுசா பண்ணி அந்த வலிய வளர்ச்சின்னு நம்பிட்டிருந்தேன், அது வெறும் பழக்கமில்லாத வலி. ரெண்டு வாரம் ரெப்ஸ் ஏறலன்னா முதல்ல தூக்கத்த பாப்பேன் (அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்ல மாட்டி பதினோரு மணிக்கு சாப்ட்டா எங்க ஏறும்), அது சரியா இருந்தா ரெண்டு செட்டு கூட்டுவேன், மூட்டு வலிச்சா ஒரு வாரம் பாதி செட்டுதான். கால் மட்டும் தனி கதை, வாரத்துக்கு 16 செட்டு கேக்குது.

போன வாரம் பெஞ்ச் பிரஸ் 77.5 கிலோ, எட்டு ரெப்ஸ். முடியலன்னா பிடிக்க பக்கத்துல நின்னு ஸ்பாட் பண்ண பையன் "அண்ணா நான் கையே வைக்கல"ங்கிறான்.